மலிவு கேபிளும் எஞ்சின் கம்ப்யூட்டரும்: ரீமேப் பற்றிச் சில குறிப்புகள்

"கம்பெனிக்காரன் பூட்டி வச்ச பவரை நாம திறந்து விடுறோம், அவ்வளவுதான்." கார் ரீமேப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் வசனம் இது. முன்பெல்லாம் இதைச் சொல்ல ஒரு ட்யூனிங் கடைக்காரர் தேவைப்பட்டார். இப்போது இத்தாலியின் ஏலியன்டெக் நிறுவனம் செய்த 'கெஸ்' கருவியை அப்படியே நகலெடுத்த சீனப் பெட்டி ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அசலை முழு உரிமத்தோடு வாங்க லட்சக்கணக்கில் ஆகும். நகல் பெட்டியோடு கிராக் செய்த மென்பொருளும் வரும். நாலு வீடியோ பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்னு தோன்றுவது இயல்புதான்.

இந்தப் பூட்டுக் கதை எவ்வளவு உண்மை? நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசல், 1248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி கார்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த எஞ்சினுக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஸ்விஃப்டில் இதற்கு 75 குதிரைத்திறன், எஸ்எக்ஸ்4 காரில் 90. "ஒரே எஞ்சின்தானே, மீதி 15 சாஃப்ட்வேர்லதானே இருக்கு?" என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் 90 குதிரைத்திறன் வகையில் இருப்பது இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ. ஸ்விஃப்டில் இருப்பது கோணம் மாறாத சாதாரண டர்போ. எந்த ஃபைலை ஏற்றினாலும் டர்போவுக்கு இறக்கை முளைக்காது.

இனி அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். 2000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சினில் நொடிக்கு சுமார் 67 முறை ஏதாவது ஒரு சிலிண்டரில் டீசல் பீய்ச்சப்படுகிறது. ரயிலில் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம், இன்ஜெக்டர் திறந்திருப்பதோ ஒரு மில்லி செகண்டை ஒட்டிய நேரம். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஒவ்வொரு முறையும் ஈசியு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கான எண்கள் அட்டவணை அட்டவணையாக ஃபிளாஷ் மெமரியில் இருக்கின்றன. இந்த அட்டவணைகளுக்குத்தான் மேப் என்று பெயர்.

மேப்களை நான் இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்கிறேன். பாடப்புத்தகப் பிரிவு இல்லை, என் வசதிக்குத்தான். ஒன்று ஆசை அட்டவணை: மிதியை இவ்வளவு அழுத்தினால் டிரைவர் இவ்வளவு இழுவை கேட்கிறார் என்பது போன்றவை. இன்னொன்று அறிவு அட்டவணை: இந்த அழுத்தத்தில் இவ்வளவு நேரம் இன்ஜெக்டரைத் திறந்தால் இத்தனை மில்லிகிராம் டீசல் போகும் என்பது போன்றவை. ஈசியுவுக்குக் கண் கிடையாது. உண்மையில் எவ்வளவு டீசல் போனது என்று அது அளந்து பார்ப்பதில்லை, அட்டவணையை நம்புகிறது.

ஆசை அட்டவணையை ஏற்றினால் நடுவில் பல காவலர்கள் தடுப்பார்கள். புகை வரம்பு, டார்க் வரம்பு, டர்போ அழுத்த வரம்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றையும் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றுவது நாள் கணக்கில் வேலை. அதனால் மலிவு ஃபைல் செய்கிறவர்கள் குறுக்கு வழியில் போகிறார்கள். அறிவு அட்டவணையில் கை வைத்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் 15 சதவீதம் கூட்டிவிடுகிறார்கள். இப்போது ஈசியு 40 மில்லிகிராம் கொடுத்ததாக நினைக்கிறது, உள்ளே போவது 46. காவலர்கள் எல்லோரும் 40 என்ற எண்ணைப் பார்த்து 'சரி, போ' என்று விட்டுவிடுகிறார்கள்.

டீசல் 1 கிராம் எரிய சுமார் 14.5 கிராம் காற்று வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினில் கலவை சீராக இருக்காது, அதனால் அதைவிடக் கணிசமாக அதிகக் காற்று இருந்தால்தான் கரும்புகை வராது. உதாரணத்துக்கு உள்ளே 740 மில்லிகிராம் காற்று இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிகிராம் டீசலுக்கு விகிதம் 18.5. 46 போனால் 16தான். பின்னால் வருகிறவர் முகத்தில் கரி அடிப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. டேஷ்போர்டில் காட்டும் மைலேஜும் அதே 40 என்ற எண்ணிலிருந்துதான் கணக்காகிறது. ஆகவே ரீமேப் செய்த மறுநாள் "பிக்கப்பும் கூடிருச்சு, மைலேஜும் கூடிருச்சு" என்று உரிமையாளர் மகிழ்ச்சியாகச் சொல்வார். பொய் சொல்வது மீட்டர். டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை வகுத்துப் பார்க்காத வரைக்கும் அவருக்கு அது தெரியவே தெரியாது. ஃபைலைத் தொடாமல் சென்சார் வயரில் செருகும் 'பவர் பாக்ஸ்' வகைகளிலும் பல இதே வேலையைத்தான் செய்கின்றன: ரயில் அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியுவிடம் பொய் சொல்கின்றன.

சேதம் உடனே வராது, அதுதான் சிக்கல். ஊருக்குள் பத்து நொடி மிதித்து ஓவர்டேக் செய்தால் ஒன்றும் ஆகாது. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் மேட்டில் ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏசியுமாக, மிதியை விடாமல் ஏறும்போதுதான் பரீட்சை. இன்ஜெக்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் எரிப்பு தாமதமாக முடியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக டர்போவுக்குப் போகும். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுழலும் சக்கரம் அது. இந்த எஞ்சினில் வெளிவரும் புகையின் வெப்பத்தை அளந்து பார்க்கும் ஏற்பாடு ஈசியுவிடம் பெரும்பாலும் இல்லை, அட்டவணை சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் பாதுகாப்பு. கிளட்ச் வழுக்குவதும் டர்போ எண்ணெய் கக்குவதும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வரும். அப்போது "வண்டி பழசாயிடுச்சு" என்று மெக்கானிக் சொல்வார், ரீமேப் பேச்சே வராது.

கருவியின் கதை தனி. ஃபிளாஷ் மெமரியில் எழுதுவது பேப்பரில் திருத்துவது மாதிரி இல்லை. முதலில் ஒரு பகுதியை முழுக்க அழித்துவிட்டு, பிறகுதான் புதிதாக எழுத முடியும். நடுவில் நின்றால் அந்த இடம் வெற்று. நிற்பதற்குக் காரணமா இல்லை? லேப்டாப் தூங்கிப்போகும், யுஎஸ்பி வயர் ஆடும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்து பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். தொழில்முறை ஆட்கள் சீரான மின்சாரம் தரும் சப்ளையை மாட்டாமல் தொடவே மாட்டார்கள். பல ஈசியுக்கள் பாதியில் நின்றாலும் மறுபடி எழுத இடம் கொடுக்கும், ஆனால் கருவிக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈசியுவைக் கழற்றி, ஒட்டிய மூடியைச் சூடாக்கித் திறந்து, போர்டில் நேரடியாக வயர் வைத்து எழுதணும். அப்படித் திறந்த மூடி பழையபடி ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.

"ஒரிஜினல் ஃபைலை பேக்கப் எடுத்துட்டுதானே செய்றேன்" என்பது பலரின் தைரியம். பல புதிய ஈசியுக்களை ஓபிடி வழியாக முழுசாகப் படிக்கவே முடியாது. அசல் கருவி அந்த மாதிரி நேரத்தில் ஈசியுவின் அடையாள எண்ணை மட்டும் படித்து, தன் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து பொருத்தமான ஃபைலை இறக்கித் தரும். நகல் கருவிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதை இணையத்தில் இணைத்தாலே மாட்டிக்கொண்டு முடங்கும் என்பதால்தான் "நெட்டை ஆஃப் பண்ணு, ஆன்டிவைரஸையும் ஆஃப் பண்ணு" என்று விற்பவரே எழுதி அனுப்புகிறார். ஆக, கையில் பேக்கப் இல்லாமலே எழுத உட்காருகிறோம். யாரோ கொடுத்த ஃபைலை ஏற்றுவது இன்னும் மோசம். ஒரே மாடல், ஒரே ஹார்டுவேர் எண்ணாக இருந்தாலும் சாஃப்ட்வேர் பதிப்பு வேறாக இருந்தால் அட்டவணைகள் இருக்கும் முகவரியே மாறியிருக்கும்.

ரீமேப் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. டைனோவில் ஏற்றி, புகை வெப்பத்தை அளந்து, அறிவு அட்டவணைகளைத் தொடாமல் கொஞ்சமாகக் கூட்டுகிற ட்யூனர்கள் உண்டு. அவர்கள் வாங்கும் காசு அளப்பதற்கான காசு. அப்படிச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அது பிரச்சினையாகலாம். வாரண்டியும் அப்படித்தான்: ஃபோக்ஸ்வேகன், ஆடி டீலர்கள் மாற்றிய மென்பொருளைக் கண்டால் நிறுவனப் பதிவில் 'டிடி1' என்று ஒரு குறி விழும்.

எனக்கு அதிகம் உறுத்துவது அடுத்து வாங்கப் போகிறவர். ரீமேப் செய்தவருக்காவது என்ன செய்தோம்னு தெரியும். அந்த வண்டியை நம்பி வாங்கும் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. பழைய டீசல் கார் பார்க்கப் போனால், எஞ்சின் நன்றாகச் சூடானபின் மூன்றாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுசாக மிதித்து, பின்னால் வரும் புகையை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சில நூறு ரூபாய் ஓபிடி அடாப்டரில் பல கார்களில் கேலிப்ரேஷன் எண்ணையும், அதோடு வரும் சரிபார்ப்பு எண்ணையும் படிக்கலாம். அதே மாடல், அதே கேலிப்ரேஷன் எண் உள்ள இன்னொரு வண்டியின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் யாரோ உள்ளே எழுதியிருக்கிறார்கள். ஒன்றாகவே இருந்தாலும் நிச்சயமில்லை, அதையும் பொருந்த வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.