ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு: எதை வாங்குவது?

முதன்முதலாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் பட்டியல் போடுகிறீர்களா? அதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இருக்க வாய்ப்பு அதிகம். 2025 ஏப்ரலில் வந்த இந்த கிராபிக்ஸ் கார்டு (கேமின் காட்சிகளை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் பாகம்) 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் கிடைக்கிறது. அறிமுக விலை 379 டாலர், 429 டாலர். கூடுதல் பணத்துக்கு அந்த 16 ஜிபி தகுமா என்பதுதான் கேள்வி.

16 ஜிபி என்றால் இரண்டு மடங்கு வேகமா? இல்லை. இரண்டிலும் ஒரே சிப்தான். இரண்டுக்கும் 180 வாட் மின்சாரம், 600 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதும். வேறுபடுவது வீரேம் (கார்டிலேயே இருக்கும் நினைவகம்) மட்டும். அது நிரம்பாத வரை எது எந்தக் கார்டு என்று விளையாடுபவருக்குத் தெரியாது.

நிரம்பினால் என்ன ஆகும்? இடம் போதாத காட்சித் தரவு உங்கள் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும். "ரேம்தான் 32 ஜிபி போட்டிருக்கிறேனே" என்பீர்கள். சிக்கல் அளவில் இல்லை, வழியில். கார்டுக்குள் தரவு நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. ரேமிலிருந்து வரும் தரவோ மதர்போர்டின் பிசிஐஇ இணைப்பு வழியே வர வேண்டும். அது மூன்றாம் தலைமுறை இணைப்பு என்றால், இந்தக் கார்டுக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் கிடைக்கும். அதனால்தான் சீராக ஓடிய கேம் திடீரெனத் திக்கும். சில கேம்கள் திக்காமல், சத்தமில்லாமல் சுவரையும் முகத்தையும் மங்கலாகக் காட்டிச் சமாளிக்கும்.

உங்கள் மதர்போர்டு பழையதா? அப்படியானால் 8 ஜிபி கார்டில் அடி இன்னும் பலம். பி450 போர்டில் இணைப்பு மூன்றாம் தலைமுறைதான். "கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரைசன் 5 5600ஜி வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். போர்டு புதிதாக இருந்தாலும் அந்தப் பிராசசர் மூன்றாம் தலைமுறைக்கு மேல் போகாது. இவர்களுக்கு 16 ஜிபி ஆடம்பரம் அல்ல.

நான் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் ஆடுவேன், எனக்கும் தேவையா? தேவையில்லை. ஆனால் உங்களுக்கு 8 ஜிபி டிஐயும் தேவையில்லை. 299 டாலருக்கு அறிமுகமான சாதா ஆர்டிஎக்ஸ் 5060 கார்டிலும் அதே 8 ஜிபி இருக்கிறது, இந்த கேம்களுக்கு அது தாராளம். மிச்சப் பணத்தை நல்ல மானிட்டரில் போடுங்கள். ஹாக்வர்ட்ஸ் லெகஸி, இண்டியானா ஜோன்ஸ் போன்ற கனமான கேம்களை உயர்ந்த தரத்தில் ஆட ஆசை என்றால் 16 ஜிபிக்குப் போங்கள். இடையில் இருக்கும் 8 ஜிபி டிஐ யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.

செட்டிங்கைக் குறைத்துக்கொண்டால் போதாதா? இன்றைக்குப் போதும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்கினாலே 8 ஜிபி மூச்சுவிடும். ஆனால் நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகும் கார்டில் முதல் வருடமே இறக்கத் தொடங்குவது நல்ல பேரம் இல்லை. ஃபிரேம் ஜெனரேஷன் (இடைப்பட்ட காட்சிகளைக் கார்டே உண்டாக்கிச் சேர்க்கும் வசதி) கைகொடுக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். அதுவும் வீரேமைத்தான் தின்னும்.

கடைசியாக ஒன்று. அசெம்பிள் செய்து தரும் கடைகளின் கொட்டேஷனில் "5060 டிஐ" என்று மட்டும் இருந்தால், எத்தனை ஜிபி என்று கேட்டு பில்லிலும் எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஜிபியு பகுதியில் 'டெடிகேட்டட்' நினைவகம் ஏறக்குறைய 16 ஜிபி காட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போடுவது அதற்குப் பிறகு.