பின்சில்லுச் சத்தம்: சாமான் வாங்க முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த இடைவெளியில் பழைய மொரிஸ் மைனர்களைத் திருத்தி ஓட்டுவதிலும், கலியாண வாடகைக்கு விடுவதிலும் பலர் அக்கறை காட்டினர். பழைய காருக்குப் பலமான பிரேக் பூட்டுவது நல்ல முதலீடுதான். ஆனால் பூட்டிய மறுநாளே பின்சில்லில் சத்தம் கேட்டால் என்ன செய்வது?

கொஸ்லந்தயில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதுவே நடந்தது. மைனரின் பின்பக்கத்து 7 அங்குல டிரம்களைக் கழற்றி 8 அங்குல டிரம்கள் போட்டார். உடனே சத்தம் ஆரம்பித்தது. "டிஃபரன்ஷல் போய்விட்டது" என்றார் கராஜ்காரர். பாவித்த டிஃபரன்ஷல் ஒன்றை வாங்கி மாற்றியும் சத்தம் போகவில்லை. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோதுதான், பிரேக் ஷூவின் ஸ்பிரிங் பிழையான பக்கத்தில் கொளுவப்பட்டு ஹப்பில் உரசியது தெரிந்தது. ஒரு ஸ்பிரிங்குக்காக ஒரு மாத இலாபம் போனது.

இந்த இழப்பைத் தவிர்க்க வழி இருக்கிறது. முதலில், சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். சமதரையில், வாகனம் குறைவான ரோட்டில், மெதுவாக ஓட்டியபடி ஹேண்ட் பிரேக்கை இலேசாக இழுத்துப் பாருங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ, கோளாறு டிரம்முக்குள் இருக்கலாம். மாறாமல் ஒரே மாதிரி முழங்கினால் பெயாரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். வலப்பக்க வளைவில் முழக்கம் கூடினால் பாரம் ஏறும் இடது சில்லின் பெயாரிங்காக இருக்கலாம். எக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் முழக்கம் மாறினால் மட்டுமே டிஃபரன்ஷலை நினையுங்கள்.

அடுத்து, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திச் சில்லைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உரசினால் டிரம் வட்டம் பிசகியிருக்கலாம், அல்லது அதன் விளிம்பு பின்தட்டில் முட்டலாம். விளிம்பில் சோக்குப் பூசி மீண்டும் சுற்றினால் முட்டும் இடம் அழிந்து காட்டிக்கொடுக்கும். பெரிய டிரம் சில்லின் உட்பக்கத்தில் முட்டுகிறதா என்பதையும் அவ்வாறே பார்க்கலாம்.

பின்னர் டிரம்மைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் கொளுவிய பக்கம், ஷூ அமரும் இடம், ஹேண்ட் பிரேக் கம்பியின் இறுக்கம் ஆகிய மூன்றையும் பாருங்கள். மைனரின் பழைய அமைப்பில் பின் சிலிண்டர் பின்தட்டின் துவாரத்தில் வழுக்கி அசைய வேண்டும். தடித்த பெயின்ற் அல்லது துரு அதைப் பிடித்தால் ஒரு ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின்தட்டை மாற்றுவதற்காக ஹப்பைக் கழற்றியிருந்தால், பெயாரிங்கும் கஸ்கட்டும் ஒழுங்காக இறுகியுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். லைனரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதைக் கழுவிப் பாவிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இது சத்தத்தோடு நிற்கும் விடயமல்ல. பெரகலயிலிருந்து கொஸ்லந்த, தியலும ஊடாக வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 பாதையில், உரசும் ஷூ சூடேறி டிரம்மையும் சூடாக்கும். சூடேறிய பிரேக் பிடிக்கும் சக்தியை இழக்கும். ஆகவே சந்தேகம் தீரும்வரை அந்த இறக்கத்தில் ஓட்ட வேண்டாம். தீர்ந்த பிறகும், இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிப்பையும் பயன்படுத்துங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: சோதனைக்குத் தனியாகக் கூலி வாங்குங்கள். கண்ட கோளாறையும் மாற்றிய சாமானையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். சாமான் விற்பதில் கிடைக்கும் இலாபம் ஒரு நாளைக்குத்தான். காரணத்தைச் சரியாகச் சொன்னவரைத் தேடி வாடிக்கையாளர் வருடக்கணக்கில் வருவார்.