பத்துப் பேர் வேண்டும்

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் நாள்களில், கொல்லிமலையினின்று படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து வழியனுப்புகிறோம். அவர்கள் ஏறிய பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைகிறது. அங்கிருந்து நாமக்கல், சேலம், திருச்சி என்று பிரிந்து செல்கின்றனர். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதற்பிள்ளைகள் அவர்களுள் பலர். சிலுவை வரைந்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

யூத மக்களோடு நமக்குள்ள ஆன்ம உறவை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நினைவூட்டியது. இவ்வகையிலும் அவர்களிடம் நாம் கற்கவேண்டியது உண்டு.

யூத மரபில் பொதுச் செபத்திற்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். இதனை மின்யான் என்பர். இன்று சில பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றனர். இறந்த பெற்றோருக்காகச் சொல்லும் காதீஷ் என்னும் செபத்தையும் தனித்து நின்று சொல்வது மரபன்று. வீட்டைப் பிரிந்து படிக்கச் சென்ற மகன், தந்தையை நினைந்து அச்செபத்தைச் சொல்ல விரும்பினால், ஒன்பது தோழரைத் தேடியாகவேண்டும்!

1920-களில் அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் சில, யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முற்பட்டன. அக்காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விவிலிய இலக்கியம் கற்பித்தவர் எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்னும் கிறிஸ்தவப் பேராசிரியர். யூத மாணவர் தம் முன்னோரின் மறைநூலையே அறியாதிருப்பது கண்டு வருந்திய அவர், யூதப் பெரியோரிடம் அதனை எடுத்துரைத்தார். 1923-இல் பெஞ்சமின் பிராங்கல் என்னும் இளம் ரபி அங்கே முதல் ஹில்லல் மன்றத்தைத் தொடங்கினார். இன்று பல நூறு கல்லூரிகளில் அம்மன்றத்தின் பணி நடைபெறுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் மாணவர் கூடி, ஓய்வுநாளை வரவேற்று, ஒரே மேசையில் உண்கின்றனர்.

நம் நாட்டிலும் ஒரு யூத மாணவரை நினைவுகூரலாம். பெயர் ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967), ஊரோ கொச்சி! சென்னையில் பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றவர். அடிமைத்தளையினின்று விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் என்று கூறி, அவருடைய பிரிவினரைக் கொச்சிப் பரதேசி தொழுகைக்கூடத்தில் மற்றவருக்குச் சமமாக அமரவிடவில்லை. கற்றுத் தேர்ந்த அவர் மறையை உதறிச் சென்றாரில்லை. காந்தியடிகளின் அறவழியில், உள்ளிருந்தே போராடினார். அவ்வேற்றுமையும் படிப்படியாகத் தளர்ந்தது. ‘யூதக் காந்தி’ என்று அவரை அழைத்தனர்.

இதை எழுதும்போது நம் மலைப்பிள்ளை ஒருவனின் முகம் கண்முன் நிற்கிறது. விடுமுறையில் வந்தவனிடம், “ஞாயிறு திருப்பலிக்குப் போகிறாயா?” என்று கேட்டோம். தலைகுனிந்தான். முதல் ஞாயிறன்று நகரத்துக் கோவில் ஒன்றுக்குச் சென்றானாம். அங்கிருந்தோர் ஊரைக் கேட்டனர். சொன்னதும், “மலைக்காரப் பையனா?” என்று தம்முள் நகைத்தனர். மறு ஞாயிறு அவன் போகவில்லை.

“யாரும் என்னைத் தேடலைங்க சாமி” என்றான்.

நகைத்தவரை மட்டும் குறைகூறிப் பயனென்ன? அவன் வருகையைக் குறித்து அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு வரி எழுத நாமும் மறந்தோமே! அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. கல்லூரி அறிவு அவன் விசுவாசத்தைக் கெடுக்கவில்லை. தனிமையே அதனை வாட்டியது.

1924-இல் வேர்கொண்ட ஐக்கஃப் என்னும் நம் கத்தோலிக்க மாணவர் இயக்கம் இத்தனிமையைப் போக்க நல்ல துணை. பெற்றோரே, பிள்ளை சேரும் கல்லூரியின் பெயரோடு அருகிலுள்ள பங்கின் பெயரையும் கேட்டறியுங்கள். நகரத்துக் குடும்பங்களே, விடுதிப் பிள்ளை ஒருவரை ஞாயிறு உணவுக்கு அழையுங்கள். மாணவரே, கோவிலில் உம்மைத் தாழ்த்துவோர் உளரெனில், விலகிப்போகாதீர். அது உம் தந்தையின் இல்லம்.

நம் ஆண்டவர் பத்துப் பேரைக் கேட்கவில்லை. தம் பெயரால் இருவர் மூவர் கூடினால் போதும் என்றார். அந்த இரண்டாமவராக இருக்க, நம்முள் யார் முன்வருவார்?