மருந்துக்கு அடங்காத கிருமி... குழாய்த் தண்ணீரில்!

'வயித்துப்போக்கா? போன தடவை டாக்டர் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு. ரெண்டு போட்டா நின்னுடும்!'

பல வீடுகளில் காதில் விழுகிற பேச்சுதான். ஆனால் அந்த மாத்திரைக்கு அடங்காத கிருமி, குழாய்த் தண்ணீரிலேயே வந்தால்?

கற்பனை இல்லை. டெல்லியில் நடந்தது இது. 2010-ல் நகரின் மையப் பகுதியைச் சுற்றி 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளையும், தெருக்களில் தேங்கியும் ஓடியும் கிடந்த கசிவு நீரில் 171 மாதிரிகளையும் எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. குழாய்த் தண்ணீரில் 2, கசிவு நீரில் 51 மாதிரிகளில் 'என்.டி.எம்.-1' என்ற மரபணு இருந்தது!

அது என்ன செய்யும்?

மற்ற ஆன்டிபயாடிக்குகள் தோற்கும்போது டாக்டர்கள் கையில் எடுப்பது 'கார்பபெனம்' வகை மருந்துகளை. அவற்றையே உடைத்துப் போடும் என்ஸைமைத் தயாரிக்க, கிருமிக்குக் கற்றுத் தருவது இந்த மரபணு. பக்கத்து வீட்டு மாமிக்குச் சமையல் குறிப்பு எழுதிக் கொடுப்பது போல, ஒரு கிருமி இதை இன்னொரு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். டெல்லியில் காலரா, சீதபேதிக் கிருமிகளிடமும் இது இருந்தது.

குடிநீருக்குள் எப்படி வருகிறது?

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி சிறுநீரோடு சாக்கடைக்குப் போகிறது. அங்கே மருந்தைத் தாங்குகிற கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. தண்ணீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால், பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் உள்ளே நுழைந்துவிடும்.

இந்தக் கிருமி வயிற்றுக்குள் போனதுமே நோய் வரும் என்றில்லை. குடலில் சும்மா தங்கியிருக்கலாம். பின்னால் சிறுநீரகத்தில் தொற்று, ஆபரேஷன் புண் என்று வரும்போதுதான் வினை. கொடுக்கிற மருந்து கேட்காது.

பயப்பட வேண்டாம்!

மருந்தை ஜெயிக்கிற கிருமியால் சூட்டை ஜெயிக்க முடியாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தால் போதும், செத்துவிடும். வெதுவெதுப்பாக இறக்குவது காய்ச்சியது ஆகாது. ஆறியதை மூடி வையுங்கள். கை விட்டு மொள்ளாதீர்கள்.

இன்னும் சில...

* சளி, சாதாரண ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

* பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு முதல் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். ரத்தம் போனாலோ, குழந்தை துவண்டாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

* மிச்ச மாத்திரையைக் கழிவறையில் கொட்டாதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.

* அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

இன்று தேவையில்லாமல் விழுங்குகிற மாத்திரை, நாளை நம் வீட்டுக் குழந்தைக்கே கேட்காமல் போகலாம். அந்த மிச்ச மாத்திரையை மறந்துவிட்டு, முதலில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்!