பெல்ட்டா, செயினா? பழைய கார் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் ஓடிய கிலோமீட்டர், டயரின் நிலை, காப்பீட்டுத் தேதி என எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. ‘டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?’ என்று நாம் கேட்டால் மட்டும் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. வண்டியின் ஆயுளோடு, கடனைச் செலுத்தும் குடும்பத்தின் நிம்மதியும் அந்த விடையில் அடங்கியிருக்கிறது.

பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்குப் பிசகாமல் இரண்டையும் பிணைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அப்போது பிணைப்பு அறுந்தால், பல வகை என்ஜின்களில் பிஸ்டன் மேலெழுந்து வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பெல்ட்டுக்கான செலவைப் போலப் பல மடங்கு அந்தப் பழுதுக்கு ஆகும்.

மாருதி 800 காரில் இருந்தது பெல்ட். அதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 1.3 லிட்டர் டீசலில் இருந்தது செயின். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், அந்தந்த என்ஜினைக் கேட்டறிவதே முறை.

பெல்ட் ரப்பரால் ஆனது; ஓசை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதற்குக் கெடு உண்டு. உரிமையாளர் கையேட்டில் குறிப்பிட்ட கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். கொட்டகையில் நின்றாலும் ரப்பர் முதுமையடையும் என்பதால், ‘அதிகம் ஓடாத வண்டி’ என்ற சொல்லை மட்டும் நம்ப இயலாது. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே பெல்ட் அறுகிறது.

செயினுக்குப் பொதுவாக இத்தகைய கெடு இல்லை. எனினும் அது அழியாததன்று. எண்ணெயிலேயே அது வாழ்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கண்ணிகள் தேய்ந்து செயின் நீளும். காலையில் முதன்முறை கிளப்பும்போது எழும் கடகடவென்ற ஓசை அதன் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆயில் மாற்றிய ரசீதுகளே செயினின் உடல்நலச் சான்று.

வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்து, திருட்டு போன்றவற்றுக்கே கைகொடுக்கும். தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் அது ஏற்பதில்லை. வண்டி பணிமனையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

எனவே, விலை பேசுமுன் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையேல் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அச்செலவை விலையில் கழித்து, வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். அடுத்த முறைக்கென மாதந்தோறும் ஒரு சிறுதொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், கெடு வரும் நாளில் பணமும் ஆயத்தமாக இருக்கும்.