மூத்திரத்தில் தெரிவது பீடியா, கரிப்புகையா?

பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகம், அடுத்து எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதையொட்டி 1994-ல் ஓடத் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையம். ஏரிக்கரைக் குப்பங்களில் பேச்சுக் கொடுத்தால், “இந்தப் புகையெல்லாம் எங்க உடம்புல எவ்வளவு ஏறியிருக்கும் சார்?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மூத்திரத்தைச் சோதித்தால் தெரியாதா? தெரியும். ஆனால் கிடைக்கிற எண் யாரைக் கைகாட்டுகிறது என்பதில்தான் சிக்கல்.

நிலக்கரி, டீசல், விறகு, புகையிலை, எதை எரித்தாலும் பிஏஎச் எனப்படும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வரும். அவற்றில் ஒன்றான பைரீனை உடம்பு 1-ஹைட்ராக்சிபைரீனாக மாற்றி வெளியே தள்ளுகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் பாதி போய்விடும். ஆக, அந்த எண் நேற்று, முந்தாநாள் கதையைத்தான் சொல்லும். பீடியில் வந்ததா, புகைபோக்கியில் வந்ததா என்று அதில் எழுதியிருக்காது.

இங்கேதான் கோட்டினின் கைகொடுக்கிறது. நிகோட்டின் உடைந்து உண்டாவது, புகையிலைக்கான அடையாளம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

* இரண்டுமே அதிகம்: பெரும்பாலும் பீடி, சிகரெட் பிடிப்பவர்.
* கோட்டினின் மட்டும் அதிகம்: அநேகமாக வாயில் அடக்கும் புகையிலை.
* பைரீன் மட்டும் அதிகம்: புகை வேறெங்கிருந்தோ வருது. விறகடுப்பா, படகு இன்ஜினா, ஆலையா என்று தேடணும்.

அடுத்தது ஆண், பெண் கணக்கு. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் ஆண்களில் 19%, பெண்களில் 2%. எனவே ஆண்களையும் பெண்களையும் சும்மா ஒப்பிட்டால் பாதி நேரம் பீடியைத்தான் அளக்கிறோம். பெண்களுக்கோ விறகடுப்புப் புகை தனி. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பமும் இன்ஜின் போட்டுக் கடலுக்குப் போகும் குடும்பமும் ஒரே ஏரிக்கரைதான். சுவாசிக்கும் புகை ஒன்றல்ல.

இன்னொரு பொறி கிரியேட்டினின். வெயிலில் வலை இழுத்தவர் மூத்திரம் கெட்டியாக இருக்கும்; அதைச் சரிக்கட்ட எல்லா அளவையும் கிரியேட்டினினால் வகுப்பார்கள். அது தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்கள், வயதானவர்களுக்கு வகுக்கும் எண் சிறியது, விடை பெரிதாகிவிடும். வயது, பால் தெரியாமல் அந்த விடையை நம்பக்கூடாது.

காட்மியம் நேர் எதிர்: புகையிலையிலிருந்து வந்து சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டு தங்கும். பீடியை விட்டு வருஷமானாலும் காட்டிக்கொடுக்கும். இரும்புச்சத்து குறைந்த பெண்களின் குடல் அதைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆர்சனிக்கிலும் எச்சரிக்கை தேவை. நண்டு, இறால் சாப்பிட்ட மறுநாள் மொத்த ஆர்சனிக் எகிறும். அதில் பெரும்பகுதி தீங்கில்லாத ஆர்சனோபீட்டைன்.

இதையெல்லாம் கேட்காமல் நூறு பாட்டில் சேகரித்தால் என்ன ஆகும்? ஒருவர் “பீடிதான் காரணம்” என்பார், இன்னொருவர் “கரிதான்” என்பார். இரண்டையும் அந்த எண் மறுக்காது. நான் பார்க்க விரும்புவது புகைக்காதவர்களை: கேஸ் அடுப்பு வைத்த வீட்டுப் பெண்கள், குழந்தைகள். தென்கரைக் குப்பத்தில் கொஞ்சம் பேர், ஆலைகளுக்கு வெகுதூரம் வடக்கே ஆந்திரப் பக்கக் கரையில் கொஞ்சம் பேர். அவர்களுக்குள் வித்தியாசம் வந்தால் அதைப் பீடி தலையில் கட்ட முடியாது. குப்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த பாட்டில்களில்தான் இருக்கும்.