ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனை வாங்கியது சரியா? சாந்திபுரத்தில் இன்னும் ஓயாத வழக்கு – தெரியுமா?

ரவீந்திர ஜடேஜா மஞ்சள் சட்டையே போடாமல் போயிருப்பார், தெரியுமா? 2012 பிப்ரவரி ஏலத்தில் அவர் பெயர் வந்ததும் சென்னை சூப்பர் கிங்ஸும் ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸும் போட்டி போட்டுக்கொண்டு கையைத் தூக்கின. விலை ஏறி ஏறி 20 லட்சம் டாலரைத் தொட்டது. அதற்குமேல் கேட்க இருவர் மடியிலும் பணம் இல்லை! அன்றைய விதிப்படி இரண்டு அணிகளும் ஆளுக்கொரு தொகையை ரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டும். யார் எழுதியது அதிகமோ ஆட்டக்காரர் அவர்களுக்கு. அந்தக் கூடுதல் தொகை நேரே கிரிக்கெட் வாரியத்துக்குப் போகும், எவ்வளவு என்று ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். சென்னை எழுதிய தொகைதான் பெரிது. ஒரே ஒரு சீட்டு! அது மட்டும் மாறியிருந்தால் 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளை யார் ஆடியிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கதையைச் சொல்ல சாந்திபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சித்தூர் மாவட்டம், குப்பம் தொகுதி. தெற்கே குப்பத்தைத் தாண்டினால் கிருஷ்ணகிரி, மேற்கே போனால் கோலார் தங்கவயல். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், பெங்களூரு பஸ்ஸில் ஏறினால் கன்னடம் என்று ஒரே ஆள் ஒரே நாளில் மூன்றும் பேசுவார். அப்படியானால் ஐபிஎல் வந்துவிட்டால் எந்த அணி? ஆந்திராவுக்கென்று சொந்த அணி கிடையாது. ஹைதராபாத் இப்போது பக்கத்து மாநிலத்துத் தலைநகரம், ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சென்னையின் சேப்பாக்கமும் பெங்களூருவின் சின்னசாமியும் அதைவிட எவ்வளவோ பக்கம். ஆகவே ஒரே டீக்கடை பெஞ்சில் சென்னையின் மஞ்சள், பெங்களூருவின் சிவப்பு, ஹைதராபாத்தின் ஆரஞ்சு மூன்றும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி!

இன்னொன்று தெரியுமா? ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது இந்தச் சித்தூர் மாவட்டத்துக்குப் புதிதே இல்லை. இங்கே ஊருக்கு ஊரையே மாற்றியிருக்கிறார்கள்! மொழிவாரி எல்லைத் தகராறு முற்றி, அதைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையின்படி 1959-இல் சட்டம் போட்டார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திராவுக்கு வந்தன. கொடுத்தது சரியா, வாங்கியது போதுமா என்று அன்று கிளம்பிய வாக்குவாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரியவர்கள் வாயில் ஓயவில்லை. அப்படியிருக்க, ஜடேஜா வழக்கு ஒரே சீசனில் முடிந்துவிடுமா என்ன!

அந்த வழக்குக்கு வருவோம். 2025-இல் சென்னை அணி பத்தாம் இடம். கடைசி! ஐபிஎல் வரலாற்றில் அதற்கு முன் ஒருமுறைகூட சென்னை கடைசி இடத்துக்கு இறங்கியதில்லை. 14 ஆட்டங்களில் 4 வெற்றி. முழங்கை எலும்பில் விரிசலோடு கேப்டன் ருதுராஜ் வெளியேற, தோனி மறுபடியும் தலைமை ஏற்றார். ஏற்ற முதல் ஆட்டம் ஏப்ரல் 11, சேப்பாக்கத்தில், கொல்கத்தாவுடன். 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103! 59 பந்துகள் மிச்சம் இருக்கும்போதே கொல்கத்தா முடித்துவிட்டுக் கிளம்பியது. அதே சீசனில்தான் 2008-க்குப் பிறகு முதன்முறையாக பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது. ஹைதராபாத்தோ சேப்பாக்கத்தில் சென்னையை முதன்முதலாகத் தோற்கடித்தது. ஜூன் 3-ஆம் தேதி பெங்களூரு 18-ஆவது சீசனில் கோப்பையையும் தூக்கியது. அந்த வருடம் சாந்திபுரம் பெஞ்சில் மஞ்சள் சட்டைக்காரர்கள் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"திரிபாதிய வச்சுக்கிட்டு என்ன பண்றது மாமா? கழட்டி விட்றணும்." "ரச்சினுக்கு இன்னும் எத்தனை சான்ஸ்?" "ஹூடா, விஜய் சங்கர் எல்லாரையும் தூக்கு." பக்கத்திலிருந்து சிவப்புக் கட்சி, "ஊருகோ அன்னா, நாங்க பதினேழு வருஷம் கேட்டோமே, அதை நீங்க ஒரு வருஷம் கேளுங்க!"

நான்கு பேரையும் உண்மையிலேயே கழற்றிவிட்டார்கள். நவம்பர் 15-ஆம் தேதி இடி இறங்கியது. ராஜஸ்தானிலிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு, சென்னையிலிருந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. சாம்சன் தன் 18 கோடியோடு வந்தார். ஜடேஜாவின் 18 கோடி 14 கோடியாகக் குறைந்தது, கரனுக்கு 2.4 கோடி. பன்னிரண்டு சீசன் மஞ்சள் சட்டையில் ஆடியவர், ஒரு சனிக்கிழமைக் காலை அறிக்கையோடு மாறிப் போனார்!

ஆனால் கேளுங்கள், இதற்குள்ளே ஒரு சுழற்சி இருக்கிறது. ஜடேஜா 2008-இல் ஐபிஎல்லுக்குள் வந்ததே ராஜஸ்தான் அணியில்தான். அவர் 2010 சீசன் முழுக்க ஏன் ஆடவில்லை, தெரியுமா? ராஜஸ்தானில் இருக்கும்போதே வேறொரு அணியிடம் தனியாகப் பேரம் பேசினார் என்று ஓராண்டுத் தடை! அணி மாறப் பார்த்ததற்காகத் தண்டனை அனுபவித்த அதே ஆட்டக்காரர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, முறைப்படி அணி மாறி, அதே ராஜஸ்தானுக்கே திரும்பிப் போகிறார். கதை எழுதுகிறவர்கூட இப்படி எழுதத் தயங்குவார்.

இந்த விஷயத்தில் ஐபிஎல்லின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை மாற்றவே முடியாது. அணிகள் இரண்டும் கை குலுக்கிக்கொண்டாலும் அவர் தலையாட்ட வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களை யாரும் கேட்பதில்லை. பெரிய லீகில் பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் இருந்திருந்தால்தான் மறுக்கும் உரிமை தானாகக் கிடைக்கும். அதனால் அங்கே நடந்திருக்கும் கூத்துகளைக் கேட்டால் வாய் மூடாது.

1982 ஆகஸ்ட் 4. ஜோயல் யங்பிளட் என்பவர் பகலில் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஆடி ஒரு ஹிட் அடிக்கிறார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, "உன்னை மான்ட்ரியலுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்கிறார்கள். மனிதர் விமானம் பிடித்து பிலடெல்பியா போய், அன்று இரவே புதிய அணிக்காகக் களமிறங்கி அங்கேயும் ஒரு ஹிட்! ஒரே நாள், இரண்டு நகரம், இரண்டு சட்டை. 1922 மே 30 இன்னும் விசேஷம். சிகாகோ கப்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் மோதின. முதல் ஆட்டம் முடிந்ததும் மேக்ஸ் ஃப்ளாக், கிளிஃப் ஹீத்கோட் இருவரையும் பரஸ்பரம் மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் இருவரும் எதிரணியில்!

திணறுகிறவர்களுக்கு நேர்ந்ததில் உச்சம் ஹாரி சிட்டியின் கதை. 1962-இல் கிளீவ்லாந்து அவரை மெட்ஸுக்குக் கொடுத்தது, "பதிலுக்கு யார் என்று பிறகு சொல்லுங்கள்" என்ற ஒப்பந்தத்தில். 15 ஆட்டம் ஆடினார், மட்டை பேசவில்லை. மெட்ஸ் பதிலுக்கு அனுப்பிய ஆள் யார் தெரியுமா? அதே ஹாரி சிட்டி! தனக்குப் பதிலாகத் தானே போன மனிதர். படித்தபோது சிரிப்பு வந்தது உண்மை. அடுத்த நொடி, பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே கதவு வழியாக மறுபடி நுழைந்த அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று மனசு கனத்தது.

நம் பக்கமே வருவோம். ஐபிஎல்லின் ஆரம்ப காலத்து ஆள் மாற்றங்களில் ஒன்று 2009-இல் நடந்தது. மும்பையின் ராபின் உத்தப்பா பெங்களூருவுக்கு, பெங்களூருவின் ஜாகீர் கான் மும்பைக்கு. அதே உத்தப்பாவை 2021 ஜனவரியில் ராஜஸ்தான், கிட்டத்தட்ட முடிந்துபோன ஆட்டக்காரர் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சென்னைக்குக் கொடுத்தது. சீசனின் பெரும்பகுதி பெஞ்சில்தான். கடைசிக் கட்டத்தில் சுரேஷ் ரெய்னா இடத்தில் அவரை இறக்கியபோது ரெய்னாவின் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். என்ன ஆனது? டெல்லிக்கு எதிரான முதல் தகுதிச் சுற்றில் 44 பந்தில் 63. இறுதி ஆட்டத்தில் தன் பழைய அணியான கொல்கத்தாவுக்கு எதிராக 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு!

ஷேன் வாட்சன் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. 2018 இறுதி ஆட்டம், வான்கடே, எதிரே ஹைதராபாத். முதல் பத்துப் பந்தில் வாட்சன் எடுத்த ரன் பூஜ்யம். பத்துப் பந்து! அன்று டிவிக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு மஞ்சள் சட்டைக்காரரும் "அவுட்டாகியாவது தொலையேன்" என்று கத்தியிருப்பார். முடிவில் அவர் 57 பந்தில் 117, ஆட்டமிழக்கவில்லை. மறு வருடம் மறுபடி ஃபார்ம் அவுட். ஆட்டத்துக்கு ஆட்டம் சொதப்பல். வேறு அணியாக இருந்தால் வெளியே உட்கார வைத்திருக்கும். தோனியும் பயிற்சியாளர் ஃப்ளெமிங்கும் அசையவில்லை. 2019 ஏப்ரல் 23, சேப்பாக்கம், மறுபடி ஹைதராபாத்: 53 பந்தில் 96. பாவம் நம் ஆரஞ்சு நண்பர்கள், வாட்சன் எழுந்திருக்கும் போதெல்லாம் எதிரே அவர்கள்தான்.

அந்த வருட இறுதி ஆட்டம் மும்பையோடு, ஹைதராபாத்தில். ரன் ஓடும்போது பாய்ந்ததில் வாட்சனின் முழங்கால் கிழிந்தது. மஞ்சள் பேன்ட்டில் இடது முழங்கால் பக்கம் ரத்தம் சிறு வட்டமாகக் கசிந்து, ஓவருக்கு ஓவர் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலோடு ஓடி 80 ரன். கடைசி ஓவரில் ரன் அவுட், சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஆறு தையல் போட்ட விஷயம் பிறகு ஹர்பஜன் சிங் சொல்லித்தான் உலகத்துக்கே தெரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் "இவனை மாத்துங்கடா" என்று கூவியவர்கள்தான் அன்று அழுதார்கள். தோற்ற ஆட்டத்துக்காக ஒரு ஆட்டக்காரரை இவ்வளவு நேசிக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் வாட்சன்.

ஆந்திராக்காரர் ஒருவர் வேண்டுமா? குண்டூர் அம்பத்தி ராயுடு! 2023 சீசன் முழுக்கத் திணறல், "வயசாகிப் போச்சு" என்ற பேச்சு. இறுதி ஆட்டமே கடைசி என்று அறிவித்துவிட்டுத்தான் இறங்கினார். மோகித் சர்மா பந்தில் சிக்ஸ், ஃபோர், சிக்ஸ். 8 பந்தில் 19. அந்த 19 இல்லையென்றால், கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டிய இடத்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடிக்கும் வாய்ப்பே வந்திருக்காது. அது ராயுடுவின் ஆறாவது கோப்பை, மும்பையோடு மூன்று, சென்னையோடு மூன்று. அந்தக் கோப்பை வந்ததும் பூஜைக்கு எங்கே போனது, தெரியுமா? தி.நகரில் உள்ள திருப்பதி தேவஸ்தானத்துப் பெருமாள் கோயிலுக்கு! சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாற்றிய வேகத்தில் ரசிகர்கள் ஆட்டக்காரரைக் கிழித்த கதையும் உண்டு. 2023 நவம்பரில் குஜராத்திலிருந்து 15 கோடிக்கு மும்பை திரும்பினார் ஹார்திக் பாண்டியா. அவருக்குப் பணம் புரட்ட கேமரூன் கிரீனை 17.5 கோடிக்கு பெங்களூருவுக்குக் கொடுத்தது மும்பை. ரோகித்திடமிருந்து தலைமை கைமாறியதும் சொந்த வான்கடேவிலேயே ஹார்திக்கைப் பார்த்துக் கூச்சல். அணியும் பத்தாம் இடம். 2024 ஜூன் 29-ஆம் தேதி பார்படோஸில் டி20 உலகக் கோப்பை இறுதி, கடைசி ஓவர், காக்க வேண்டியது 16 ரன், பந்து ஹார்திக் கையில். இந்தியா 7 ரன்னில் வென்றது. ஐந்தே நாளில் அதே வான்கடே அதே பெயரை வாழ்த்திக் கத்தியது!

சாந்திபுரத்து ஆரஞ்சு கட்சிக்கும் ஒரு கவலை உண்டு: விசாகப்பட்டினத்து நிதிஷ் குமார் ரெட்டி. 2024-இன் சிறந்த வளரும் ஆட்டக்காரர், அந்த டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட்டில் சதம், 6 கோடிக்குத் தக்கவைப்பு. 2025 ஐபிஎல்லில் மட்டை மௌனம். அணி மாறப்போகிறார் என்று வதந்தி கிளம்ப, அவரே வாய் திறந்து மறுத்தார். ஹைதராபாத்தும் விடவில்லை, 2026-க்கும் வைத்துக்கொண்டது. சென்னையோ குண்டூர் ஷேக் ரஷீதை விட்டுவிட்டது. லக்னோவில் முதல் ஆட்டத்தில் 19 பந்தில் 27 அடித்துக் கண்ணைக் கவர்ந்த பையன்! 13 கோடிக்கு வைத்திருந்த பந்துவீச்சாளர் பதிரானாவையும் சென்னை விடுவிக்க, டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்குத் தூக்கியது. அதே ஏலத்தில் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலைக்கு 14.2 கோடி கொட்டியது சென்னை. ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் கொடுப்பதைவிட 20 லட்சம் அதிகம்!